கூட்டுக் கொல்லையில் சூரியகாந்தி



லயன் வீடுகளின் பின்புறத்தில் கத்தரியும் வெண்டையும் கீரையும் பயிரிடுவது நமக்குப் புதிதன்று. 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் அவர்கள் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தபோது, வெறுமனே கிடக்கும் நிலத்தில் காய்கறி விளைவிக்குமாறு நாட்டு மக்கள் அனைவரும் ஊக்குவிக்கப்பட்டனர். பலர் கூடிப் பயிரிடும் அத்தகைய கொல்லையில் ஒரே ஒரு வரிசையைச் சூரியகாந்திக்கு ஒதுக்கலாகாதா என்பது பற்றியே இன்று பேச விழைகிறோம். “பூவினால் என்ன பயன்? அவ்விடத்தில் பத்து மிளகாய்ச் செடி நட்டால் குழம்புக்காவது ஆகுமே” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். மிளகாயைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை.

இங்கிலாந்தில் சொந்த நிலம் இல்லாதோர், உள்ளூர் மன்றத்திடம் சிறு வாடகைக்கு நிலத்துண்டு பெற்றுப் பயிரிடும் வழக்கம் உண்டு. கேட்போர்க்கு அவ்வாறு நிலம் அளிக்க வேண்டிய கடமையை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்கள்மீது சுமத்தியது. துண்டொன்றின் வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளையும் அத்தகைய நிலங்களில் 2022-ஆம் ஆண்டுக் கோடையில் பலர் சூரியகாந்தி வளர்த்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்திருந்தன. சூரியகாந்தி உக்ரேனியர் தம் தேசிய மலராகப் போற்றும் பூ. வீடிழந்து வந்தோரின் மொழி அறியாதவர்கள், “நீங்கள் தனித்தவர் அல்லர்” என்பதை அந்தப் பூவைக் கொண்டு உரைத்தனர்.

இதே மலர் அந்நாட்டில் முன்பும் ஒரு வேலை செய்திருக்கிறது. 1996 ஜூன் மாதம், பெர்வோமைஸ்க் என்னும் இடத்தில் அணு ஏவுகணைகள் அகற்றப்பட்ட நிலத்தில் அமெரிக்கா, ரஷ்யா, உக்ரேன் ஆகிய மூன்று நாடுகளின் தற்காப்பு அமைச்சர்களும் சேர்ந்து நின்று சூரியகாந்தி நட்டனர். பின்னர் நிகழ்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அது தொலைதூர விவகாரம் என்று தள்ளிவிட வேண்டா. போருக்கு முன் உலகச் சந்தைக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய பாதி உக்ரேன் அனுப்பியதாகும். கப்பல் வழி அடைபட்டதும் வாங்குவோர் செம்பனை எண்ணெயை நாடினர். 2022 மார்ச்சில் அதன் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அங்கே கழனி எரிந்தால் இங்கே தாளிக்கும் எண்ணெயின் விலை ஏறுகிறது.

இனி வளர்க்கும் முறை. இச்செடிக்கு நாள்தோறும் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். முதன்முறை நாங்கள் ரப்பர் மர நிழலை ஒட்டி விதைத்துவிட்டோம். ஒளியைத் தேடிக் கோணிக்கொண்டு வளர்ந்தனவே தவிர, உருப்படியாக ஒரு பூவும் மலரவில்லை. மறுமுறை திறந்த வெளியில் பாத்தியை உயர்த்தி, மக்கிய மாட்டெரு இட்டு, ஓர் அடி இடைவெளியில், ஓர் அங்குல ஆழத்தில் விதைத்தோம். நாற்றைப் பிடுங்கி நடுவது இதற்கு ஒவ்வாது. விதையை நேரே ஊன்றுவதே நன்று. வேரடியில் நீர் தேங்கலாகாது. வகைக்கேற்ப இரண்டு முதல் மூன்று மாதங்களில் பூக்கும். தலை கனத்துச் சாய்ந்தால் கொம்பு ஊன்றிக் கட்டவேண்டும்.

நீர் ஊற்றுவதில்தான் கூட்டுக் கொல்லைக்குச் சோதனை. “இன்று யார் முறை?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கழிந்தால், வாடிய தலைகளை ஊரே காணும். எங்கள் கொல்லையிலும் அது நேர்ந்தது. அதன் பிறகுதான் முறைப் பட்டியல் எழுதினோம். நெடுநாள் பேசாதிருந்த இரு வீட்டார் ஒரே வாளியைக் கைமாற்றிக்கொண்டது அந்தப் பட்டியலால்தான். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து உங்களோடு வேலை செய்யும் தோழர்கள் இருந்தால், அவர்கள் பெயரையும் அதில் எழுதுங்கள்.

இளஞ்செடி காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் நோக்கித் திரும்பும். முழுதும் மலர்ந்தபின் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் விரைவில் சூடேறும் அப்பூக்களைத் தேனீக்கள் மிகுதியாக நாடுகின்றன. அவையே அருகிலுள்ள பூசணிக்கும் வெள்ளரிக்கும் மகரந்தம் சேர்ப்பவை. மிளகாய்க்காக வாதாடியோர்க்கு இது சற்று ஆறுதலாகலாம்! ஆதலால் வரிசையைப் பாதைக்கு மேற்புறம் அமையுங்கள். பால்வெட்டு முடிந்து வாளியோடு திரும்புவோரைப் பூக்கள் நேர்முகமாகப் பார்க்கும்.

தலையின் பின்புறம் பச்சை மாறிப் பழுப்பேறியதும் அறுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கிளியும் அணிலும் முந்திக்கொள்ளும். முன்கூட்டியே மெல்லிய துணியால் மூடிவைப்பது நலம். உதிர்த்த விதையைப் பிள்ளைகள் வறுத்துத் தின்னட்டும். கோழிகளுக்கும் கொஞ்சம் இறையுங்கள். பருத்த விதைகளை மட்டும் பொட்டலம் கட்டி வைத்து, பக்கத்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் செல்லும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.