ஒரு மினி காரும் நாங்கள் இருவரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் சகோதரிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களும் பேராசிரியர்களும் பேசிய மேடையில் கார்ப் பந்தயக்காரிகளுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் யோசிக்கக்கூடும். செயலாளர் அக்கா அழைத்தபோது நாங்களும் அதைத்தான் கேட்டோம். "மற்ற ஆக்கள் சொல்லாததைச் சொல்லுங்கோ பிள்ளையள்" என்றார். ஆகவே செலவுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். எங்களில் மூத்தவள் கணக்காளர். இளையவள் மருந்தாளர். பந்தயத்தால் நாங்கள் ஒரு சதமும் உழைத்ததில்லை.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பாவிடம் இருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் எங்கள் வகுப்புத் தோழியருக்கு நினைவிருக்கும். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினால் தட்டல் குறையும், இழுவையும் குறையும். எவ்வளவு தள்ளலாம் என்பதை அப்பா காதால்தான் கண்டுபிடிப்பார். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தது நாங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தக் கார் சனத்துக்கு நடுவே நடையிலும் மெதுவாக நகர்ந்தது. காரில் நாங்கள் போன மிக மெதுவான பயணம் அது.

எங்கள் மினியைப் பல ஆண்டுகளின் பின் வத்தளைப் பக்கத்தில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கினோம். மிகைப்படுத்தவில்லை, பின் இருக்கையில் உண்மையாகவே கோழி இருந்தது. மினி சின்னக் கார்தான், ஆனால் வம்சம் பெரிது. 1959இல் பிறந்தது. 1962இல் பற் மொஸ் என்ற பெண் நெதர்லாந்தின் ரியூலிப் றலியில் மினி கூப்பரை ஓட்டி வென்றார். அந்தக் காருக்குக் கிடைத்த முதற் பெரிய சர்வதேச வெற்றி ஒரு பெண் கொடுத்தது. அவருடைய தமையன் ஸ்ரேலிங் மொஸ்ஸின் பெயர் தெரிந்த பலருக்குத் தங்கையின் பெயர் தெரியாது. இந்த மண்டபத்தில் அதை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஓடுவது மலையேற்றப் போட்டி. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட போட்டி 1934இல் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். எதிரி மணிக்கூடு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதை, ஊசிமுனை வளைவுகள், திடீரென்று இறங்கும் புகார். முழு ஓட்டமும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்துக்காக எத்தனை மாதம்!

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்து கரிப்புகை தள்ளும். வத்தளையில் அழகாகப் பாடிய எஞ்சின் மேலே போனதும் தொண்டை கட்டிக்கொள்ளும். காபரேற்றரின் ஊசியைக் கழற்றி மெல்லிய கலவைக்கு ஏற்ற ஊசியைப் போட்டு, நடுங்கும் குளிரில் மறுபடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும்.

இனிச் செலவு. கார் கவிழ்ந்தால் கூரை நசியாமல் காக்கும் இரும்புக் கூட்டுக்கு மூத்தவளின் காப்புச் சோடி போனது. அடகு வைத்தது மீளவில்லை. பந்தயப் பட்டியில், எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அச்சிட்டிருக்கும். பட்டி புதிதுபோல இருந்தாலும் வாங்கியே ஆகவேண்டும். மினிக்கு 10 அங்குலச் சில்லு. உலகத்துக்கு ரயர் செய்து அனுப்பும் நாட்டில் அந்த அளவில் பந்தய ரயருக்கு வெளிநாட்டைத்தான் பார்க்கிறோம். ரொறன்ரோவிலிருந்து எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் பெட்டிக்குள் உடுப்புக்குப் பதிலாக பிறேக் சாமான் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் அவள் பட்ட பாட்டை அவளிடமே கேளுங்கள், இங்கேதான் இருக்கிறாள். வழமையான வாகனக் காப்புறுதி பந்தயத்துக்குச் செல்லாது. உடைத்தால் எங்கள் பாடு. 2022இல் கியூ.ஆர். குறியீட்டோடு வரிசையில் நின்று வாரப் பங்கீடாகப் பெற்றோல் எடுத்த காலத்தில் மினியைத் துணியால் மூடிவிட்டோம். மருந்துக்கும் வேலைக்கும் போகப் பெற்றோல் இல்லாத நாட்டில் பந்தயம் பற்றி வாய் திறக்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

காசாகச் சொல்ல முடியாத செலவும் உண்டு. நுவரெலியாவின் வசந்த காலம் சித்திரையில். எத்தனையோ வருடப்பிறப்பு வீட்டில் இல்லை. பொங்கிப் படைத்துவிட்டு அம்மா கைவிசேடத்தை உறையில் போட்டு வைத்திருப்பா. மூத்தவளுக்கு வந்த ஒரு சம்பந்தம், "கார் ஓட்டுறது வேற, பந்தயம் ஓடுறது வேற" என்று சொல்லித் திரும்பிப்போனது. அதில் எங்களுக்குக் கவலை இல்லை, அம்மாவுக்கு இருந்தது. இளையவளின் கணவர் நல்லவர். ஆனால் ஓட்டம் நடக்கும்போது பாதைப் பக்கம் பார்க்காமல், தேநீர்க் கடைப் பக்கம் திரும்பி நிற்பார்.

2024 ஏப்ரல் 21ஐ உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றும் உண்டு. நாங்கள் அங்கே இருக்கவில்லை. ஆனாலும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் தொலைபேசி அடித்தபடியே இருந்தது. இளையவளின் மகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவள் எங்களிடம் கேட்டது இதுதான்: "காருக்குள்ள இருந்த ஆக்களுக்குத் தலைக்கவசம் இருந்தது. பாத்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு என்ன இருந்தது, பெரியம்மா?"

பதில் சொல்ல முடியவில்லை. போர்முலா வண் பந்தயத்தில் புள்ளி எடுத்த ஒரே பெண் லெல்லா லொம்பார்டி. 1975இல் ஸ்பெயினில் அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. ஏன் அரை? ஒரு கார் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்மேல் பாய்ந்து உயிர்கள் போனதால் பந்தயம் இடைநடுவில் நின்றது. அந்த அரைப் புள்ளியை நாங்கள் ஒருகாலத்தில் பெருமையோடு மட்டுமே சொல்லித் திரிந்தோம். இப்போது முழுக்கதையையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பௌதிக வகுப்பில் ரீச்சர் கரும்பலகையில் எழுதினது ஞாபகம்: வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நாலு மடங்கு. ஓட்டுபவருக்கு இது தெரியும். வேலியோரம் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாது. பந்தயத்தின் ஆபத்தை ஓட்டுபவர் தானாக ஏற்கிறார் என்று சொல்வார்கள். பாதையோரம் கொடி பிடித்து நிற்பவரும், தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளையும் எதை ஏற்றுக்கொண்டார்கள்? அதனால் நாங்கள் ஒன்று முடிவு செய்தோம். பார்வையாளர் எங்கே நிற்கிறார்கள் என்று முதல்நாளே பாதை முழுவதும் நடந்து பார்ப்போம். வளைவின் வெளிப்பக்கத்தில் சனம் நின்றால் ஓடமாட்டோம். கட்டிய பணம் போனால் போகட்டும். இது எங்கள் சொந்த ஒழுங்கு. மற்றப் போட்டியாளர் சிலருக்கு இது அலுப்பாகவும் இருக்கிறது.

அப்படியானால் ஏன் விடவில்லை? வென்ற கிண்ணங்கள் மூன்று, மூன்றும் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்காக அல்ல. ஒருமுறை ஓட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் எங்கள் கிளச் வயர் அறுந்தது. எங்கள் பிரிவிலேயே எங்களோடு போட்டியிட இருந்த காலிப் பெடியன் ஒருவன், "அக்கே, மெக்க கன்ன" என்று தன் மேலதிக வயரைத் தந்துவிட்டு, தானே காருக்குக் கீழே படுத்துப் பூட்டியும் விட்டான். பிறகு எங்களை ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்தான். எங்கள் கராச் பாசுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் சிங்களம் அரைகுறை. எஞ்சின் சத்தத்தில் மூவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவோம். வாரம் முழுவதும் மற்றவர்களின் கணக்கையும் மருந்துச்சிட்டையும் பார்க்கும் எங்களுக்கு, அந்த இரண்டு நிமிடத்தில் வேறு ஒரு நினைவும் கிடையாது. அடுத்த வளைவு மட்டும். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு அப்படி இரண்டு நிமிடம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்?

கார் இப்போது கட்டையில் ஏற்றி நிற்கிறது. பின் பிறேக் இரண்டும் கழற்றியாயிற்று. சிட்னி அக்காமாரில் யாராவது அடுத்த மாதம் திரும்பி வருவதாக இருந்தால், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்குமா என்று தேநீர் நேரத்தில் கேட்க இருக்கிறோம்.