காலில் குண்டு, கையில் பேனா



'காயப்பட்டவனைத் தாங்குவது பிறர் செய்யும் பணிவிடையே' என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஐயா, இது சொல்தா ஊருங்க! (சிரிப்பு) பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்தவரை இங்கே சொல்தா என்போம். எங்க தாத்தா ஒரு சொல்தா. இந்தோசீனப் போரில் இடது தொடையில் குண்டுச் சிதறல். 1954-ல் போர் முடிந்தது. தொடைக்குள்ளே அது முடியவே இல்லை. ஐப்பசி மழை பிறந்தால் போதும், ராத்திரி பூரா திண்ணையில உட்கார்ந்திருப்பார்.

பணிவிடைக்கு என்ன குறைச்சல்? பாட்டி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாங்க. பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. மருமகள்கள் எழுந்து நடக்கவே விடமாட்டாங்க. அவரோ சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். எங்க பாட்டி எதிரணியில் பேசியிருக்க வேண்டியவர், நடுவர் அவர்களே. ஆனா தோத்திருப்பாங்க! (கைதட்டல்)

ஒருநாள் ஒரு விதவை அம்மா, பிரெஞ்சில் வந்த தாள் ஒன்றோடு வாசலில் நின்றார். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று அனுப்பணும். இல்லேன்னா பணம் நின்றுபோகும். தாத்தா படித்துச் சொன்னார், பதிலும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் நாலு பேர் வந்தாங்க. அப்புறம் எங்க திண்ணையே ஆபீஸ் ஆயிடுச்சு. வலி போச்சா? போகலை. "வலிக்குதா தாத்தா?"ன்னு கேட்டேன். "வலிக்குது. இந்த அம்மா கடுதாசியை முடிச்சிட்டு அதைக் கவனிக்கிறேன்" என்றார்.

வீட்டுக் கதை என்பீர்கள். சரி, தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு வாருங்கள். எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர். 1975 ஜனவரியில், பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயல் போய்விட்டது. சீருடை போடுவதற்கு முன்பே பட்ட காயம்! அவரைக் குளிப்பாட்ட, ஊட்டிவிட ஆள் வேண்டும். அது உறவு செய்த வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1981-ல் அவர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக அமர் சேவா சங்கம் தொடங்கினாரே, அது யார் செய்த பணிவிடை? 'அமர்' யார் தெரியுமா? ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். வாங்கிய பணிவிடையின் பெயரிலேயே கொடுக்கத் தொடங்கியவர் அவர். தசைச்சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கரராமனும் அவரோடு சேர்ந்துகொண்டார். சக்கர நாற்காலியில் இருந்த இருவர் நடத்திய நிறுவனம், ஐயா! 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். (கைதட்டல்)

மணி அடிக்கிறீர்கள், ஒரே நிமிஷம். தாத்தா போன அன்று, சேதி தெரியாமல் ரெண்டு பேர் தாளோடு வந்து நின்றார்கள். காரியம் முடிந்த பிறகு, தாத்தா பேனாவை எடுத்து எங்கப்பா எழுதிக் கொடுத்தார். அவர் பிரெஞ்சு தப்பும் தவறுமா இருக்கும். (சிரிப்பு) ஆனா பணம் வந்துச்சுங்க.