பெயரை மறைத்துப் படியுங்கள்



அரசியல் தலைவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவனவற்றை நம்பலாமா? "எல்லாம் பொய்" என்று ஒதுக்குவோர் உளர். "அச்சில் வந்துவிட்டதே" என்று அப்படியே ஏற்போரும் உளர். இரண்டும் ஆராயாமற் செய்த முடிபுகளே. வரலாற்றிலிருந்து ஒரு சான்று காண்போம்.

1948ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. பதவியிலிருந்த ஹாரி ட்ரூமன் ஜனநாயகக் கட்சியின் சார்பிலும், நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி குடியரசுக் கட்சியின் சார்பிலும் போட்டியிட்டனர். 'சிகாகோ டிரிப்யூன்' குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்த நாளிதழ். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாக, அதன் முதற் பதிப்பை வழக்கத்தினும் முன்னதாகவே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. வாக்குகளை எண்ணி முடிக்குமுன்பே, டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று அது முதற்பக்கத்திற் பெரிய எழுத்துக்களில் அச்சிட்டுவிட்டது. முடிவிலோ ட்ரூமன் 303 தேர்வாளர் வாக்குகளும், டூயி 189 வாக்குகளும் பெற்றனர். அவ்விதழை ட்ரூமன் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

இதனை வேண்டுமென்றே கூறிய பொய் என்று நான் சொல்லமாட்டேன். கருத்துக் கணிப்பாளரும் டூயியே வெல்வார் என்றனர், காலமும் நெருக்கியது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. விருப்பத்திற்கு மாறான செய்தியைப் பத்து முறை ஆராய்கிறோம். இசைந்த செய்தியை ஒரு முறையும் ஆராய்வதில்லை. சார்பு பெரும்பாலும் பொய்யுருவில் வருவதில்லை. ஐயமின்மை என்னும் உருவிலேயே வருகிறது.

இக்குறை இதழாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. நான் ஆசிரியப் பணி தொடங்கிய நாட்களில், எனக்கு உகந்த மாணவனின் விடைத்தாளில் உள்ள பிழைகள் என் கண்ணில் எளிதிற் படவில்லை. அதனை உணர்ந்தபோது நாணினேன். அன்றுமுதல் பெயரை மறைத்துவிட்டே விடைத்தாள்களைத் திருத்தினேன்.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். ஒரு தலைவரைப் பற்றிய புகழுரையையோ பழியுரையையோ படிக்கும்போது, அவர் பெயரை மறைத்து, அவ்விடத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் பெயரை வைத்துப் பாருங்கள். இதழ் காட்டும் சான்று அப்போதும் போதுமெனத் தோன்றினால் நம்புங்கள். தோன்றாவிடில், வேறிரண்டு இதழ்களையும் படியுங்கள். வாக்குகள் எண்ணி முடியும்வரை பொறுத்திருங்கள்.

நாளை வாக்களிக்கப் போகிறவர்கள் நீங்கள். இதழ்கள் நடுவுநிலை பிறழாதிருக்க வேண்டுமென்று கேட்கும் உரிமை, தாமும் பிறழாது படிப்பவர்க்கே முழுமையாக உண்டு.