வகுப்புக்குக் கடன் வாங்குமுன் வீட்டு லேப்டாப்பைத் திறங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பிள்ளைங்க கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பணம் கட்டணும்னு உள்கடன் கேட்கிறோம். கேட்கலாம், தப்பில்லை. ஆனா லினக்ஸ் கத்துக்கணும்னா, முதல் மாதம் காசு செலவில்லாமலே ஆரம்பிக்கலாம்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நம்ம ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே ஓடுவதும் அதுதான்.

2011-இல் தொடங்கி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் பலவற்றில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டிருந்தார்கள். இது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. பீரோவில் கிடக்கும் லேப்டாப்பை எடுத்து ஆன் பண்ணுங்க. முதலில் வரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கான்னு பாருங்க.

சரி, எங்கே கத்துக்கிறது? இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்போக்கன் டுட்டோரியல்'. தமிழில் பேசும் சின்னச் சின்ன வீடியோ பாடங்கள், ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். போனில் பாடத்தை ஓட விட்டு, நிறுத்தி நிறுத்தி லேப்டாப்பில் செய்யணும். 'லிபர் ஆபீஸ் கால்க்' பாடமும் இருக்கு. குழுவின் ரொக்கப் புத்தகக் கணக்கை அதில் போட்டுப் பழகலாம்.

இரண்டு, 2012-இல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ். லினக்ஸ் பற்றிய தமிழ்ப் புத்தகங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

வேறு பாடம் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்க. நமக்குப் புரிகிற மொழியா? கையோடு செய்து பார்க்கச் சொல்கிறதா? நம்மிடம் உள்ள லினக்ஸுக்குப் பொருந்துமா? மூன்றும் இருந்தால் நல்ல பாடம்.

கட்டளைகளைச் சின்ன ஆங்கில எழுத்தில் அடிக்கணும். மகளை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்க. 'எல்எஸ்' என்று அடித்தால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். 'ஆர்எம்' மட்டும் ஜாக்கிரதை! அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, போனது போனதுதான். அதனால் படம், சான்றிதழ் எல்லாத்தையும் முதலில் பென்டிரைவில் நகல் எடுத்து வைங்க.

லினக்ஸ் பிறந்த அதே 1991-இல்தான் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பழகுவதையும் அதோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் ஓட்டித்தான் பழகினார்கள்.

இதையும் அப்படியே செய்வோம். வாரக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம், ஒரு லேப்டாப், நாலு பேர், ஒரு பாடம். வேலைக்குச் சான்றிதழ் வேணும்னா பிறகு வகுப்புக்குப் போகட்டும். ஒரு மாதம் பழகின பிள்ளைக்கு எந்த வகுப்பு தேவைன்னு தானே தெரியும். கடனும் வீணாகாது.