டூட்டி சார்ட் எழுதும் கை

நடுவர் அவர்களே, 'சம்பளம், சம்பளம்' என்று முழங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வீட்டில் இட்லித் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நர்ஸ் ஒரு மருத்துவமனையில் நிலைத்திருக்கக் காரணம் சம்பளமா, தலைமையா? தலைமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மையார் ஒரு செய்தி சொன்னார். 2015இல் தமிழக அரசு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது; 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள் என்றார். உண்மைதாங்க. வயிறு காஞ்சா யாருக்கும் கோபம் வரும். ஆனா அவங்க என்ன கேட்டாங்க? 'எங்களை விடுங்க, போறோம்'னா கேட்டாங்க? காலமுறைச் சம்பளம் கொடுங்க, பணியை நிரந்தரமாக்குங்கன்னு கேட்டாங்க. இருக்கறதுக்காகப் போராடினவங்களைக் காட்டி, ஓடறதுக்குக் காரணம் சொல்றீங்களேம்மா! (கைதட்டல்)

அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே எழுபதுகளின் கடைசியில் கடுமையான நர்ஸ் பஞ்சம். அப்போதும் சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் நர்சுகள் நகரவில்லை. அது ஏன் என்று அமெரிக்க நர்சிங் அகாடமி ஆராய்ந்தது. 163 மருத்துவமனைகளைப் பார்த்து, 41ஐப் பொறுக்கி எடுத்து, 1983இல் அறிக்கை வெளியிட்டது. அந்த 41க்கும் 'காந்த மருத்துவமனை' என்று பெயர். அங்கே என்னய்யா காந்தம்? சம்பளமும் நியாயமா இருந்தது, நான் மறைக்கலை. அதோட, நர்சுகளின் தலைமை அதிகாரி அறைக்குள்ளே ஒளிஞ்சுக்காம, வார்டுல கண்ணுக்குத் தெரிஞ்சார். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். வார்டு விஷயத்தை வார்டுல இருக்கறவங்களே முடிவு பண்ண விட்டார். ஏழாவது மாடியில உட்கார்ந்து மெமோ அனுப்பினா காந்தம் எங்கே ஒட்டும்?

என் அக்கா மகள் நர்ஸ். முதலில் ஒரு தனியார் மருத்துவமனை. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். அங்கே இன்சார்ஜ் சிஸ்டர் வாய் திறந்தால் வார்டே நடுங்கும். நோயாளி முன்னாலேயே, 'உன்னை யாரு பாஸ் பண்ண விட்டது?' என்று கேட்பார். டூட்டி சார்ட் அவர் கையில். ஒருநாள் லீவு கேட்டால் அடுத்த வாரம் முழுக்க நைட் டூட்டி. மாமியார் கையில் அரிசிப் பானைச் சாவி இருந்த மாதிரின்னு வச்சுக்குங்களேன்! (சிரிப்பு) எங்க பொண்ணு பதினோரு மாசத்துல வெளியே வந்துட்டா. அதே வார்டுல அவளோட சேர்ந்த ஆறு பேர்ல அஞ்சு பேர் போயாச்சு.

'போனா என்ன, வேற ஆள் வரும்'னு முதலாளி சொல்லலாம். படுத்திருக்கிற நம்ம அப்பாவுக்கு அப்படி இல்லைங்க. பழகின நர்ஸ், முகத்தைப் பார்த்தே 'தாத்தாவுக்கு மூச்சு சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு' என்பாள். புதுப்பெண்ணுக்கு அந்தக் கண் வர எத்தனை மாசம் ஆகும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இரண்டு மருத்துவமனைகளின் வார்டுக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல தலைமை இருந்த குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது! அங்கே நர்சுக்குச் சொல்ல பயமில்லை, அதனால் வெளியே வந்தது என்பது அவர் தந்த விளக்கம். அதட்டுகிற இடத்தில் தவறு நடக்காமல் இல்லை, அலமாரிக்குள்ளே போய்விடுகிறது. எந்த வார்டில் உங்க அம்மாவைப் படுக்க வைப்பீங்க?

மணி அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம். எங்க பொண்ணு அடுத்து சேர்ந்த இடத்துல சம்பளம் 2,000 ரூபாய் குறைச்சல். அங்கே இன்சார்ஜ் சிஸ்டர் முதல் நாளே, 'எந்தெந்த நாள் உனக்கு முடியாது?'ன்னு கேட்டுட்டு சார்ட் எழுதினாங்களாம். ஆறு வருஷமா அங்கேயே இருக்கா. நடுவுல பழைய இடத்துலேர்ந்து, கூடத் தர்றோம்னு கூப்பிட்டாங்க. போகலை. அந்த 2,000 ரூபாய்க்கு மட்டும் அடுத்து வருகிற எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்.