சூரியனை நெருங்கும் வால்மீன்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வானில் வால்மீன் தோன்றினால் மன்னனுக்கு ஆகாது, நாட்டுக்குத் தீங்கு வரும் என்று நம் முன்னோர் அஞ்சினர். 'புகைக்கொடி' என்னும் அழகிய பெயரை அதற்கு இட்டபோதிலும், தீய நிமித்தங்களுள் ஒன்றாகவே அதனை எண்ணினர். சிலப்பதிகாரத்திலும் அச்சொல்லை நாம் காண்கிறோம். இவ்வச்சம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் இருந்தது. ஆனால் சூரியனை மிக நெருங்கிச் செல்லும் வால்மீன்களின் வரலாற்றை அறிந்தால், உண்மையில் இன்னலுக்கு ஆளாவது எது என்பது விளங்கும்.

வால்மீன் என்பது பனிக்கட்டியும் தூசும் கலந்து இறுகிய உருண்டை என்று 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க வானநூல் அறிஞர் பிரெட் விப்பிள் விளக்கினார். அதே ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் யான் ஊர்ட், இத்தகைய உருண்டைகள் கோடிக்கணக்கில் கோள்களுக்கெல்லாம் அப்பால் சூரியனைச் சூழ்ந்துள்ளன என்று கணித்தார். அருகே கடந்து செல்லும் விண்மீன் ஒன்றின் ஈர்ப்பால் அவற்றுட் சில நிலை பெயர்ந்து, சூரியனை நோக்கிப் பயணம் தொடங்குகின்றன. நெருங்க நெருங்கப் பனி ஆவியாகிறது. ஆவியும் தூசும் வாலாக நீள்கின்றன.

1843, 1880, 1882 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய மூன்று பெரிய வால்மீன்கள் ஏறத்தாழ ஒரே பாதையில் சூரியனை உரசுவதுபோல் சென்றன. ஒரே வால்மீன்தான் விரைந்து விரைந்து திரும்பி வருகிறதோ, விரைவில் சூரியனில் வீழ்ந்துவிடுமோ என்று அறிஞர் சிலர் ஐயுற்றனர். ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய ஹைன்ரிஷ் கிராய்ட்ஸ் 1888 முதல் இவற்றின் பாதைகளை நுணுகிக் கணக்கிட்டார். இவை ஒன்றல்ல, பல நூற்றாண்டுகளுக்கு முன் சிதறிய ஒரு பெரிய வால்மீனின் துண்டுகள் என்று அவர் முடிவு கண்டார். 1882-ஆம் ஆண்டு வால்மீனின் உட்கரு சூரியனைச் சுற்றியபின் பல துண்டுகளாகப் பிளந்ததை உலகமே தொலைநோக்கியில் கண்டது. பிளந்த துண்டுகளின் வேகத்தில் சிறு வேறுபாடு போதும். அடுத்த முறை அவை நூறாண்டு இடைவெளிகளில் தனித்தனியே வந்து சேரும். ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு வெவ்வேறு திசைகளில் குடியேறிய நமக்கு இக்கதை எளிதில் விளங்கும். பிரிந்து வாழினும் வந்த வழியைக் கொண்டு உறவை அறியலாம் அல்லவா?

அக்குடும்பத்தின் மற்றொரு வாரிசு 1965 செப்டம்பரில் வந்தது. அதனைக் கண்டவர்கள் ஜப்பானியர் இருவர். இகேயா பியானோத் தொழிற்சாலைத் தொழிலாளி. செகி கிதார் ஆசிரியர். அக்டோபர் 21 அன்று அவ்வால்மீன் சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் 4½ லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சென்றது. சூரியனின் குறுக்களவோ ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர்! அவ்வெப்பத்தில் பனி மட்டுமன்று, தூசில் இருந்த இரும்பும் நிக்கலும்கூட ஆவியாயின, உட்கருவும் பிளந்தது.

1995 டிசம்பரில் ஏவப்பெற்ற சோஹோ விண்கலம், விளக்கை உள்ளங்கையால் மறைத்து அதன் அருகே பார்ப்பதுபோல், சூரியனை ஒரு தகட்டால் மறைத்துப் படம் எடுக்கிறது. 2024 மார்ச்சுக்குள் அதன் படங்களில் 5,000 வால்மீன்கள் கண்டறியப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கிராய்ட்ஸ் குடும்பத்தின் சிறு துணுக்குகள்; சூரியனை அணுகியவுடன் அழிந்து போயின. 2011 டிசம்பரில் லவ்ஜாய் என்னும் வால்மீன் மேற்பரப்புக்கு மேல் சுமார் 1,40,000 கிலோமீட்டரில் நுழைந்து, அறிஞர் வியக்க உயிரோடு மீண்டது. ஆயினும் சில நாட்களில் தலை சிதைந்தது. வேறு குடியைச் சேர்ந்த ஐசான், ஊர்ட் சொன்ன தொலைவிலிருந்து முதன்முறையாக வந்து, 2013 நவம்பர் 28 அன்று சூரியனருகே சிதறியது.

ஆகவே, அன்பர்களே, புகைக்கொடி நமக்கு வரும் தீமையின் அறிகுறியன்று. தன்னையே எரித்துக்கொள்ளும் ஒரு பனித்துண்டின் ஒளி. சோஹோவின் படங்களில் வால்மீன்களைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறும் அறிஞர் அல்லர். ஆர்வத்தால் வீட்டிலிருந்தே அப்படங்களை ஆராய்ந்த பொதுமக்கள். நம் காலனிக் குழந்தைகளுக்கும் அவ்வாயில் திறந்தே இருக்கிறது. அவர்கள் "அது என்ன?" என்று வானைக் காட்டிக் கேட்கும்போது, அச்சத்தைச் சொல்லி வீட்டினுள் அழைக்காமல், உண்மையைச் சொல்லி மாடிக்கு அழைத்துச் செல்வோமாக.