ஒளியில் உரசிப் பார்த்த கல்



நகை செய்யும் ஆசாரி தங்கத்தை உரைகல்லில் ஒருமுறை உரசுவார். விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்தே மாற்று சொல்லிவிடுவார். கைக்கு எட்டாத வானத்தில் சுற்றும் ஒரு பாறைக்கு எப்படி மாற்றுப் பார்ப்பது?

இடோகாவா என்றொரு சிறுகோள். 1998-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே போய் மண் எடுத்துவர, ஹயபுசா விண்கலத்தை ஜப்பான் தயார்செய்துகொண்டிருந்தது. அது கிளம்புவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2001-இல், அமெரிக்க வானியலாளர் ரிச்சர்ட் பின்செலும் அவருடைய குழுவினரும் தரையிலிருந்தே அந்தச் சிறுகோளை ஆராய்ந்தார்கள்.

தொலைநோக்கியில் அது வெறும் ஒளிப்புள்ளி. ஆனால் அந்த ஒளி, பாறையில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி. பாறையிலுள்ள ஒவ்வொரு கனிமமும் அதில் தனக்குரிய பங்கை விழுங்கிவிடும். ஆலிவின், ஒரு மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி விழுங்கும். பைராக்சீன் அங்கேயும், இரண்டு மைக்ரான் அருகேயும் விழுங்கும். ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எங்கே எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் கனிமங்களின் கலவை தெரிந்துவிடும்.

அளந்ததில், பூமியில் விழும் எல்எல் காண்ட்ரைட் என்ற விண்கல் வகையோடு கலவை ஒத்துப்போனது. நிறம் மட்டும் கூடுதலாகச் சிவந்திருந்தது. இப்படிச் சிவந்த சிறுகோள்களிலிருந்துதான் நமக்கு மிக அதிகமாகக் கிடைக்கும் விண்கற்கள் வருகின்றனவா என்பது வானியலில் நெடுநாள் வழக்கு. சூரியக் காற்றும் நுண்துகள் மோதல்களும் மேற்பரப்பில் மிக நுண்ணிய இரும்பைப் படியவைக்கின்றன, அதனால் வந்த சிவப்பு இது, உள்ளே இருப்பது அதே காண்ட்ரைட்தான் என்று பின்செல் குழு எழுதியது.

ஹயபுசா 2003-இல் புறப்பட்டது. 2005-இல் இடோகாவாவில் இறங்கித் தொட்டது. 2010 ஜூன் 13 அன்று அதன் பேழை ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வந்து இறங்கியது. உள்ளே, கண்ணுக்கே தெரியாத அளவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மண் துகள்கள்! 2011-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. துகள்கள் எல்எல் காண்ட்ரைட் வகை. அவற்றின் மேல்விளிம்பில் அந்த நுண்ணிய இரும்பும் இருந்தது.

நேயர்களே, எல்லாச் சிறுகோள்களுக்கும் விண்கலம் அனுப்ப நம்மால் ஆகாது. லட்சக்கணக்கானவற்றை ஒளிப்புள்ளிகளாக மட்டுமே பார்க்கப்போகிறோம். அந்தப் புள்ளிகளை நம்பிப் படிக்கலாம் என்ற துணிவை, இடோகாவாவின் ஒரு சிட்டிகைக்கும் குறைவான மண் நமக்குத் தந்திருக்கிறது.